பாத்திரம் தேய்க்க ஒரு நம்பிக்கையான ஆள்

பாத்திரம் தேய்க்க வருகிற ஆள் யோக்கியமா என்று பார்க்க மலாக்காவின் காஜா பெராங் பெண்களிடம் ஆளுக்கொரு சோதனை இருந்தது. ஒருத்தி அழுக்குச் சட்டியின் அடியில் காசைப் போட்டு வைப்பாள். இன்னொருத்தி பால் செம்பைப் பாதி மிச்சத்தோடு வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நிற்பாள். கமலவேணி வைத்த சோதனையை அந்தத் தெருவில் வேறு யாரும் வைத்ததில்லை. நசுங்கிப்போன ஒரு பித்தளைச் செம்பை மற்றப் பாத்திரங்களோடு கலந்து வைத்தாள். அது எப்படி நசுங்கியது என்று எவள் கேட்கிறாளோ, அவளுக்கு வேலை இல்லை.

எப்படி நசுங்கியது என்று வாசகருக்குச் சொல்லிவிடலாம், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. அவள் புருஷன் தேவதாஸ் அதை அவள் மண்டையைக் குறி பார்த்து எறிந்தான். மண்டை விலகிக்கொண்டது, செம்பு போய்ச் சுவரில் மோதியது. கல்யாணத்துக்குச் சீராக வந்த செம்பு. விளிம்பில் ‘ம. கமலவேணி’ என்று பெயர் வெட்டியிருந்தது. பெயருக்குச் சொந்தக்காரியும் பல இடங்களில் அப்படித்தான் நசுங்கியிருந்தாள், புடவை மறைத்துக்கொண்டிருந்தது.

தேவதாஸ் ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிற கிராணி. தெருவில் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பான். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் அவன் பொறுப்பு. அந்த வருஷம் மலாயா நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறதென்று ஊரே தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, தெருக் கொண்டாட்டக் கமிட்டியில் மேடைப் பேச்சாளன் அவன்தான். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது அந்தத் தங்கத்தையும் கழற்றி வைத்துவிடுவான். ரசத்தில் உப்பு கூடினால் அடி, குறைந்தால் அடி, சரியாக இருந்தால் ‘என்ன பார்வை பார்க்கிற’ என்று அடி. அவன் கை ஊறும், அவள் பக்கத்தில் இருப்பாள், அவ்வளவுதான் காரணம். இதற்கு மேலும் காரணம் கேட்கிறவர்கள் அடிக்கிறவன் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை மாதம் அவளுடைய வலது கையை அடுக்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டுத் தோளால் அழுத்தினான். நடுவிரலும் மோதிர விரலும் சுள்ளி ஒடிகிற சத்தத்தோடு ஒடிந்தன. அவள் போட்ட அலறலில் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. ஆஸ்பத்திரியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியபோது, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் வந்து பார்த்து, பாசி பிடித்திருக்கும், பார்த்து நடக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டாள். அந்தக் கிணற்றடியில் பாசியே கிடையாது. பூங்காவனமும் அதில்தான் தண்ணீர் இறைக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்.

கை போன பிறகு பாத்திரம் மலையாகக் குவிந்தது. இடது கையால் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், சட்டி நழுவிக் காலில் விழுந்தது. எச்சில் தட்டைப் பார்த்த தேவதாஸுக்கு அருவருப்பு. உடைத்தவன் அவன்தான் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பாத்திரத்துக்கு மட்டும் ஒரு பொம்பளையைப் பார் என்றான்.

“நம்பிக்கையான ஆளா பாரு. நம்ம வீட்டு விஷயத்த அள்ளிக்கிட்டுப் போயி அடுத்த வீட்டுல கொட்டுறவ வேணாம்.”

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். வலி அவளுக்குப் பழகிவிட்டது. ‘ஐயோ பாவம் கமலா’ என்று நாலு பேர் வாயில் விழுவதுதான் அவளுக்குச் சகிக்காது. தெருவில் சீமந்தம் என்றால் முதல் வளையல் போட அவளைத்தான் கூப்பிடுவார்கள், நல்லபடியாக வாழ்கிறவள் என்று. தெருவுக்கு உள்ளூரத் தெரியும் என்பது அவளுக்கும் உள்ளூரத் தெரியும். ஆனால் தெரிந்தது வாய் வழியாக வெளியே வராத வரைக்கும் தலை நிமிர்ந்து நடக்கலாம் அல்லவா? அந்த நடையைத்தான் அவள் காப்பாற்றப் பார்த்தாள்.

முதலில் வந்தவள் பொன்னம்மா. தெருவில் பல வீட்டுக்கு அவள்தான் கை. அவள் தேய்த்தால் பித்தளை பொன்னாகும், அதை மறுக்க முடியாது. ஆனால் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவதற்குள் எந்த வீட்டு அலமாரியில் சாராய பாட்டில் இருக்கிறது, எந்த வீட்டுப் பெண் காலையில் வாந்தி எடுக்கிறாள் என்று மூன்று குடும்பத்து மானத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டாள். நாளைக்கு என் வீடு நாலாவது கதை என்று கமலவேணிக்குப் பட்டது. செம்பைக் காட்டவே இல்லை, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அடுத்து புக்கிட் பாருவிலிருந்து ருக்மணி வந்தாள். அடக்கமான பெண், தலை குனிந்தே பேசினாள். தேய்க்க உட்கார்ந்தவள் செம்பைக் கையில் எடுத்ததும், ஐயையோ, நல்ல கனமான செம்பாச்சே, எப்படிக்கா இப்படி ஆச்சு என்று கேட்டாள். பாவம், அக்கறையில்தான் கேட்டாள். அன்றோடு அவள் வேலை முடிந்தது.

மூன்றாவதாக வந்தவள் தெய்வானை. காஜா பெராங்கில் சிட்டி கம்பம் என்று ஒரு குடியிருப்பு உண்டு. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து, இங்கேயே பெண் கட்டி, தமிழை மறந்து, சாமியை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிற சனங்கள் அங்கே இருக்கிறார்கள். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை, வாயில் மலாய். பேர் தெய்வானை, பேச்சோ மலாய்க்காரி என்று நம் ஆட்கள் கேலி பேசுவார்கள். தெய்வானை ஐம்பதை நெருங்கிய, தோள் அகன்ற பொம்பளை. காலையில் பலகாரம் சுட்டு விற்பாள், மத்தியானத்துக்கு மேல் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் அத்தை வயதுக்காரிகளை பீபி என்று கூப்பிடுவது வழக்கம், கமலவேணியும் பீபி என்றே கூப்பிட்டாள்.

பீபி செம்பை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். உள்ளே கை விட்டு நசுங்கின இடத்தை ஒரு தரம் தடவினாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கழுவி, நசுங்கின பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த சட்டியை எடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கமலவேணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவளுக்குத் தமிழும் தெரியாது, தெருப் பெண்களோடு உட்கார்ந்து கதை பேச வழியும் இல்லை. இதைவிட நம்பிக்கையான ஆள் மலாக்கா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. சாயங்காலம் தேவதாஸிடம் சொன்னாள். அவனும் கெட்டிக்காரிதான் நீ என்று சிரித்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவளைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவை. அட அசட்டுப் பெண்ணே, அந்தப் புகழ்ச்சிக்கும் உன் முகம் சிவந்ததே, அதை நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது.

பீபி வேலைக்கு வந்து கொஞ்ச நாள் வரை மத்தியானங்கள் அமைதியாகத்தான் போயின. பிறகு ஒரு நாள் தேவதாஸ் சாப்பாட்டுக்கு வந்தான். கருவாட்டுக் குழம்பில் முள் இருந்தது. கருவாட்டில் முள் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? பீங்கான் தட்டைத் தூக்கித் தரையில் அடித்தான். அவள் கூந்தலைக் கையில் சுற்றி, முகத்தைச் சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் சோற்றில் சொட்டியது. இதை முழுங்குடி என்று அந்தச் சோற்றையே அள்ளி அவள் வாயில் திணித்தான். அவள் திமிறியபோது உடைந்த பீங்கான் மேல் கால் வைத்துவிட்டாள். ஓடு பாதத்துக்குள் இறங்கியது. அவன் கை கழுவிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

பின்பக்கத்தில் பாத்திரம் உரசும் சத்தம் இத்தனை நேரமும் நிற்கவே இல்லை. அதுதான் கமலவேணிக்கு ஆறுதலாக இருந்தது. அவன் போன பிறகு பீபி உள்ளே வந்தாள். கமலவேணியின் பாதத்தை மடியில் வைத்து ஓட்டுத் துண்டைப் பிடுங்கினாள், துணியால் இறுக்கிக் கட்டினாள், தரையைக் கூட்டினாள். கமலவேணி கிழிந்த உதட்டில் விரலை வைத்து, தனக்குத் தெரிந்த மார்க்கெட் மலாயில் சொன்னாள்.

“ஜாங்ஙான் சாக்காப், பீபி.” யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாள்.

பீபி அவள் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்தது. யார் மேல் என்று கமலவேணிக்குத் தெரியவில்லை.

“தா சாக்காப்,” என்றாள் கடைசியில். சொல்லமாட்டேன்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள், அதில் குறை சொல்ல முடியாது. பேசமாட்டேன் என்றுதான் அவள் வாக்குக் கொடுத்தாள். அடிக்கமாட்டேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தது. தெரு முழுக்கக் கொடி. சனிக்கிழமை சாயங்காலம் மேடை ஏறிப் பேசப் போகிறவனுக்கு வெள்ளைச் சட்டை தேய்க்க வேண்டியிருந்தது. பீபி பின்பக்கம் பாத்திரத்தோடு இருந்தாள். கமலவேணி இஸ்திரிப் பெட்டியில் தணல் அள்ளிப் போட்டு இடது கையால் தேய்த்தாள். பழக்கமில்லாத கை, பெட்டி கனம். ஒரு நொடி தயங்கி நின்றுவிட்டது. தூக்கிப் பார்த்தால் சட்டையின் முதுகில் பழுப்பாகப் பெட்டியின் அச்சு விழுந்திருந்தது.

தேவதாஸ் குளித்துவிட்டு வந்து அதைப் பார்த்தான். கத்தவில்லை. அவன் கத்தாத நாள்தான் மோசமான நாள் என்று அவளுக்குத் தெரியும். முன்கதவைத் தாழ் போட்டான். பெல்ட்டை உருவி, பக்கிள் வெளியே தொங்குகிற மாதிரி கையில் சுற்றினான். முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். அவள் தலையை மறைக்கக் கையைத் தூக்கினாள், கட்டுப் போட்ட விரல்களிலேயே பக்கிள் இறங்கியது. கண் இருட்டி முட்டி போட்டு விழுந்தாள். அவன் இடுப்பில் மிதித்தான். மிதித்த காலைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்று அழுதாள். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகியிருந்தது.

அவன் பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினான். ஊதினான். உள்ளே தணல் சிவந்தது.

“சட்டைக்கு முத்திரை போட்டல்ல. உனக்கும் ஒண்ணு போடுறேன், காட்டு மூஞ்சிய.”

அன்றைக்குத்தான் கமலவேணி அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பலகைச் சுவரைப் பார்த்து, கலியாணசுந்தரம் அண்ணே, காப்பாத்துங்கண்ணே, பூங்காவனம் அக்கா, என்னக் கொல்றாரு என்று தொண்டை கிழியக் கத்தினாள். கலியாணசுந்தரம் பூங்காவனத்தின் புருஷன், தபாலாபீஸ் உத்தியோகம், தேவதாஸோடு கமிட்டியில் இருப்பவர். சனிக்கிழமை என்பதால் வீட்டில்தான் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவின் சத்தம் கூடியது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது. அவள் சொன்னதில் புரியாத வார்த்தை ஒன்றாவது இருந்ததா? ஒவ்வொரு வார்த்தையும் ஒவ்வொரு வீட்டுக்கும் புரிந்தது. புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் என்று புரிந்தது, நாம் தலையிடக் கூடாது என்று புரிந்தது, நாளைக்கு அவர்களே சேர்ந்துகொள்வார்கள் என்றுகூடப் புரிந்தது. ரொம்பவும் புரிந்துகொள்கிற சனங்கள்.

ஒன்றும் புரியாத ஒருத்திதான் வந்தாள். பின்கதவு வழியாக, முழங்கை வரை சாம்பலோடு, தேய்த்துக்கொண்டிருந்த இரும்புக் குவாலிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். தேவதாஸ் திரும்பினான். வேலைக்காரியைப் பார்த்து, இது குடும்ப விஷயம், நீ போயி வேலையப் பாரு என்று தமிழில் அதட்டினான். அந்த வாக்கியத்துக்கு அந்தத் தெரு முழுக்கக் கட்டுப்படும். பீபியின் காதில் அது வெறும் சத்தம். அவள் கண்ணில் தெரிந்தது ஒரு ஆண், ஒரு நெருப்பு, தரையில் ஒரு பெண். குவாலியை ஓங்கி அவன் மணிக்கட்டில் போட்டாள்.

எலும்பு நொறுங்கியது. பெட்டி விழுந்து வாயைத் திறந்து தணல் தரையெல்லாம் சிதறியது. அவன் ஊளையிட்டுக்கொண்டு மற்றக் கையால் அவள் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தான். இரண்டாவது அடி மண்டையில் விழுந்தது, கண்டாமணி அடித்த மாதிரி. ரத்தம் புருவத்தைத் தாண்டிக் கொட்டியது. தணல் மேலேயே உட்கார்ந்தான், கருகுகிற வாடை வந்தது, துள்ளிப் புரண்டான். பீபி நிறுத்தவில்லை. தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, கரிப் பிடித்த சட்டியைத் தேய்க்கிற அதே நிதானத்தோடு, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். அவன் செத்துவிடுவான் என்று கமலவேணிக்குத் தெரிந்தது. சாகட்டும் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தாள், இல்லை என்று சொன்னால் பொய். பிறகு ஊர்ந்து போய் பீபியின் சாரோங்கைப் பிடித்து இழுத்தாள்.

“சுக்கோப், பீபி. சுக்கோப்.” போதும், போதும்.

பீபி குவாலியைக் கீழே வைத்தாள். அப்புறம்தான் மூச்சு வாங்கினாள்.

பெண் கத்தியபோது வராத தெரு ஆண் கத்தியதும் ஓடி வந்தது. முன்கதவை உடைத்துக்கொண்டு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை காலம் வழி தெரியாமல் இருந்த போலீஸ் ஸ்டேஷனுக்குக் கலியாணசுந்தரம் சைக்கிளில் பறந்தார். தேவதாஸைத் தூக்கி வாசலில் சாய்த்து, தலையில் துண்டைக் கட்டினார்கள். அவனுக்கு அந்த நிலையிலும் மூளை வேலை செய்தது. சிட்டிக்காரி நகையைத் திருடினாள், கமலா பார்த்துவிட்டாள், கமலாவை அடித்துப்போட்டுத் தடுக்கப்போன என்னையும் கொல்லுகிற மாதிரி அடித்துவிட்டாள் என்றான். கதை எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. பொன்னம்மாகூட, நான் அப்பவே நெனச்சேன், ஊரு பேரு தெரியாதவள வீட்டுக்குள்ள விடலாமா என்றாள். பீபியின் வீடு அங்கிருந்து இரண்டு சந்து தள்ளித்தான் இருந்தது.

போலீஸ்காரர் வந்தார். மலாய்க்காரர், இளவட்டம். பீபியைக் கேட்டார், நீ அடித்தாயா என்று. ஆமாம் என்று தலையசைத்தாள். ஏன் என்று கேட்டார். பீபி வாயைத் திறக்கவில்லை. அதட்டிக் கேட்டார். அவள் கமலவேணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். போலீஸ்காரர் பொறுமை இழந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் கெபாயாவின் தோள் கிழிந்தது. கூட்டத்தில் ஒருவன் அவள் முதுகில் குத்தினான். இன்னொருத்தி அவள் கொண்டையைப் பிடித்து உலுக்கினாள். அப்போதும் பேசவில்லை.

கமலவேணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதிலிருந்து வழிந்தது கழுத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பொறுக்கி எடுத்த நம்பிக்கையான ஆள், கொடுத்த வாக்குக்காக ஜெயிலுக்குப் போகிறாள். ஒன்றும் சொல்லாமல் நின்றால் போதும், எல்லாம் மூடிவிடும். தேவதாஸ் ரத்தத்துக்கு நடுவிலிருந்து அவளைப் பார்த்தான். அதில் மிரட்டலும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. கலியாணசுந்தரம் பக்கத்தில் வந்து, திருடினதப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடு தங்கச்சி, மத்தத நாங்க பாத்துக்கிறோம் என்று காதோரம் சொன்னார்.

அவள் படியிறங்கினாள். கூட்டம் விலகியது. போலீஸ்காரருக்கு முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தாள், மலாயில். மீன் வாங்கவும் தேங்காய்க்குப் பேரம் பேசவும் கற்றுக்கொண்ட மலாய். பட்ட அடியைச் சொல்ல அதில் வார்த்தை போதவில்லை. கையைக் காட்டினாள், கதவு என்றாள், அவன் என்றாள். காலைக் காட்டினாள், தட்டு என்றாள், அவன் என்றாள். ரவிக்கையைத் தோளிலிருந்து நடுத்தெருவில் இறக்கி, பழைய காயத்தையும் புதுக் காயத்தையும் காட்டினாள், அவன், அவன், அவன். பீபி திருடவில்லை, பீபி வரவில்லை என்றால் நான் செத்தேன் என்றாள். முதலில் முனகலாக வந்த குரல் போகப்போகத் தெருமுனை வரை கேட்டது. போலீஸ்காரர் பீபியின் கையை விட்டுவிட்டார். தேவதாஸ் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அவளை ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். போலீஸ்காரருக்கு அந்த ஒரு தமிழ் வார்த்தை தெரிந்திருந்தது. லத்தியின் முனையை அவன் நெஞ்சில் வைத்து மறுபடி உட்கார வைத்தார்.

பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கலியாணசுந்தரத்துக்குத்தான் தாங்கவில்லை. முகமெல்லாம் வேர்த்து, நம்ம சாதிசனம் மானம் போகிறதே என்கிற பதற்றத்தோடு அவள் பக்கம் குனிந்தார்.

“என்னம்மா இது? நம்ம ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? இதையெல்லாம் போயி மலாய்ல, வேத்து ஆளுகிட்டயா சொல்றது?”

கமலவேணி ரவிக்கையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அவரை நேராகப் பார்த்தாள்.

“தமிழ்ல எத்தனையோ வாட்டி கத்திட்டேண்ணே. இந்தத் தெருவுல யாருக்கும் கேக்கல.”